மதிப்பெண்ணும் வழியும்: மாணவர் கணிதத் தீர்வில் படைப்பாக்கச் சிந்தனை, அறிதல் பாணி குறித்த ஆய்வுமுறைகள் – விழுப்புரம், திண்டிவனம் களங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மாணவர்களின் கணிதத் தீர்வுத் திறனைப் படைப்பாக்கச் சிந்தனை, அறிதல் பாணி ஆகியவற்றோடு தொடர்புபடுத்தும் ஆய்வுகள் தமிழகக் கல்வியியல் துறையில் தொடர்ந்து மேற்கொள்ளப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலும் மூன்று கூறுகளும் மூன்று தனித்தனிக் கருவிகளால் அளக்கப்பட்டு, அவற்றுக்கிடையேயான ஒட்டுறவு மட்டுமே முடிவாகத் தரப்படுகிறது. மாணவர் ஒரு கணக்கை எவ்வழியில் தீர்த்தார் என்னும் செய்தி ஆய்வேட்டில் இடம்பெறுவதில்லை. இந்த ஆய்வுமுறையின் கருத்தாக்கம், கருவி, புள்ளியியல் ஆகிய மூன்று நிலைகளிலும் காணப்படும் குறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. புள்ளிக் கோலம், நில அளவை, திருக்கோவிலூரில் சீனிவாச இராமானுஜனின் குறிப்பேடு வாசிக்கப்பட்ட நிகழ்வு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, விடைத்தாளின் செய்முறையே இவ்வகை ஆய்வின் முதன்மைத் தரவாக அமைதல் வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: கணிதத் தீர்வு, படைப்பாக்கச் சிந்தனை, அறிதல் பாணி, விரிசிந்தனை, புலச்சார்பு, விடைத்தாள் வாசிப்பு, விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

கல்வியியல் துறையில் பட்ட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் ஒருவருக்கு எளிதில் கிட்டும் தலைப்புகளுள் ஒன்று, மேல்நிலை அல்லது உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கணிதத் தீர்வுத் திறனில் படைப்பாக்கச் சிந்தனையும் அறிதல் பாணியும் கொண்டுள்ள பங்கு என்பதாகும். இத்தலைப்பின் கீழ் வரும் ஆய்வேடுகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. ஒரு கல்வி மாவட்டம் களமாகத் தேர்ந்தெடுக்கப்படும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, தனியார் பள்ளி என அடுக்குமுறையில் மாதிரி எடுக்கப்படும். ஆண், பெண், நகரம், கிராமம், தமிழ்வழி, ஆங்கிலவழி எனப் பிரிவுகள் வகுக்கப்படும். மூன்று வினாநிரல்கள் வழங்கப்பட்டு, மதிப்பெண்கள் பெறப்பட்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்னும் இன்மைக் கருதுகோள்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படும்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய கல்வி மாவட்டங்கள் இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களங்கள். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தினின்று 1993இல் பிரிந்த விழுப்புரம் மாவட்டம் பெரிதும் வேளாண்மை சார்ந்தது. நெல்லும் கரும்பும் உளுந்தும் நிலக்கடலையும் விளையும் ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து படிக்கும் மாணவர்களும், நகரத் தனியார் பள்ளி மாணவர்களும் ஒரே மாவட்டத்தில் உள்ளனர். எனினும் மேற்சொன்ன அமைப்பில் எழுதப்படும் ஆய்வேட்டில் களத்தின் பெயரை நீக்கிவிட்டு வேறொரு மாவட்டத்தின் பெயரை இட்டாலும் வாதத்தில் ஒரு சொல்லும் மாறாது. ஆய்வு நடந்த ஊர் ஆய்வுப்பொருளில் எவ்வகையிலும் இடம்பெறவில்லை என்பதையே இது காட்டுகிறது. இக்குறையும், கணிதத் தீர்வை நோக்காமலே கணிதத் தீர்வைப் பற்றிப் பேசும் குறையும் ஒரே வேரிலிருந்து தோன்றுவன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. ‘கணக்கு’ என்னும் சொல்லின் பரப்பு

தமிழில் ‘கணக்கு’ என்பது பாடத்தின் பெயர், வரவுசெலவின் பெயர், வினாவின் பெயரும் அதுவே. பாடநூலில் எடுத்துக்காட்டை அடுத்து வரும் பயிற்சியும் கணக்குத்தான். எவ்வழியில் அணுகுவது என்றே தெரியாமல் மாணவரைத் திகைக்க வைக்கும் வினாவும் கணக்குத்தான். அன்றாட வழக்கில் இதனால் இடர் இல்லை. ஆய்வில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. வழி முன்னரே தெரிந்த நிலையில் செய்வது பயிற்சி. வழியைத் தானே கண்டடைய வேண்டிய நிலையில் எதிர்கொள்வது சிக்கல். சியார்ச்சு போல்யா 1945இல் வெளியிட்ட நூலில் வகுத்த நான்கு படிகள் (புரிந்துகொள்ளல், திட்டமிடல், செயற்படுத்தல், திரும்பிப் பார்த்தல்) இரண்டாவது வகைக்கே முழுமையாகப் பொருந்தும். பயிற்சியில் திட்டமிடல் என்னும் படி பாடநூலாலேயே முடிக்கப்பட்டுவிடுகிறது.

ஒரு வினா பயிற்சியா சிக்கலா என்பதை வினாவை மட்டும் நோக்கி முடிவுசெய்ய இயலாது. 1 முதல் 100 வரையுள்ள எண்களின் கூடுதல் கேட்கப்படின், கூட்டுத்தொடர் வாய்பாட்டைக் கற்ற பத்தாம் வகுப்பு மாணவருக்கு அது பயிற்சி. ஆறாம் வகுப்பு மாணவருக்கு அது சிக்கல். எனவே ‘தீர்வுத் திறன்’ என்பது வினாவுக்கும் மாணவருக்கும் இடையிலான உறவில் தோன்றுவது. காலாண்டு அல்லது அரையாண்டுத் தேர்வின் கணித மதிப்பெண்ணைத் தீர்வுத் திறனின் அளவாக எடுத்துக்கொள்ளும் ஆய்வு, அம்மதிப்பெண்ணில் எவ்வளவு பயிற்சியினால் வந்தது, எவ்வளவு கண்டடைதலினால் வந்தது என்பதைச் சொல்ல வல்லதன்று. படைப்பாக்கம் பற்றிய வினா அவ்விடத்திலேயே வலுவிழந்து விடுகிறது.

2. கருவிகள் அளப்பது எதனை?

படைப்பாக்கம் குறித்த அளவீட்டு மரபு, சே. பி. கில்ஃபோர்டு 1950இல் அமெரிக்க உளவியல் கழகத்தில் ஆற்றிய தலைமையுரையிலிருந்து வலுப்பெற்றது. குவிசிந்தனை, விரிசிந்தனை என்னும் பகுப்பு அவர் வழி வந்தது. 1966இல் வெளிவந்த டாரன்சின் சோதனைகள் சரளம், நெகிழ்வு, தற்புதுமை, விரிவாக்கம் என்னும் நான்கு அளவைகளை நிலைநிறுத்தின. இந்தியச் சூழலுக்கேற்ப பாக்கர் மெஹ்தி உருவாக்கிய சோதனைகள் நம் பல்கலைக்கழகங்களில் நன்கு அறியப்பட்டவை.

இக்கருவிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவை பொதுப் படைப்பாக்கத்தை அளக்கின்றன. ஒரு செங்கல்லை எத்தனை வகைகளில் பயன்படுத்தலாம் என்று கேட்டு, விடைகளின் எண்ணிக்கையையும் அருமையையும் அளப்பது இம்மரபின் நன்கறியப்பட்ட வினா. செங்கல் சூளை உள்ள ஊரில் வளர்ந்த மாணவர் தரும் விடைகளும், செங்கல்லைச் சுவரில் மட்டுமே கண்ட மாணவர் தரும் விடைகளும் வேறுபடும். அவ்வேறுபாட்டில் அனுபவத்தின் பங்கு எவ்வளவு, சிந்தனையின் பங்கு எவ்வளவு என்பது வினாநிரலில் தெரிவதில்லை. அதனினும் முதன்மையானது, செங்கல்லுக்குப் பத்துப் பயன் சொல்பவர் ஒரு வடிவியல் சிக்கலுக்கு இரண்டாவது வழியைக் காண்பார் என்பதற்கு உறுதியில்லை. டெரெக் ஹேலாக் 1987இல் கணிதப் படைப்பாக்கத்தை மதிப்பிடுவதற்கு ஒரு சட்டகம் தந்தபோது, பழகிய வழியின் பிடியிலிருந்து விடுபடுதல், கணிதச் சூழலில் பல விடைகளைத் தருதல் என்னும் இரண்டையும் அடிப்படையாக வைத்தார். இரண்டும் கணக்கிலேயே காணத்தக்கவை. கணக்குக்கு வெளியே அளக்கத்தக்கவை அல்ல.

அறிதல் பாணியின் நிலை இன்னும் சிக்கலானது. ஹெர்மன் விட்கின் வகுத்த புலச்சார்பு, புலச்சார்பின்மை என்னும் இருமை, சிக்கலான ஓர் உருவத்துள் மறைந்திருக்கும் எளிய உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையால் அளக்கப்படுகிறது. பாணி என்பது நன்று, தீது என்னும் மதிப்பீடு அற்றதாய் இருத்தல் வேண்டும். இச்சோதனையிலோ விரைவாகக் கண்டுபிடிப்பவர் புலச்சார்பற்றவர். கண்டுபிடிக்க இயலாதவர் புலச்சார்புடையவர். வெற்றி ஒரு பக்கமும் தோல்வி மறுபக்கமும் நிற்கும் அளவுகோல் திறனை அளப்பதே அன்றிப் பாணியை அளப்பதன்று என்னும் மறுப்பு உளவியலாரிடையே நெடுங்காலமாக உள்ளது. மறைந்த உருவத்தைக் காணும் திறன் வடிவியலில் நேரடியாகத் தேவைப்படுவது. ஒரு நாற்கரத்துள் மறைந்த ஒத்த முக்கோணங்களைக் காண்பதும் அத்திறனே. ஆகவே ‘புலச்சார்பற்ற மாணவர் கணிதத்தில் சிறந்து விளங்குகின்றனர்’ என்னும் முடிவு, ஒரே திறனை இருமுறை அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றன என்று கூறுவதற்கு அண்மையில் நிற்கிறது.

செரோம் கேகன் 1960களில் முன்வைத்த ஆழ்ந்து நோக்கும் பாணி, விரைந்து முடிவெடுக்கும் பாணி என்னும் பகுப்பு, நேரத்தையும் பிழையையும் சேர்த்து நோக்குவதால் ஓரளவு மேம்பட்டது. ஆனால் முறைமைப் பாணி, உள்ளுணர்வுப் பாணி முதலியவற்றைத் தன்மதிப்பீட்டுக் கூற்றுகளால் அளக்கும் நிரல்களில் வேறொரு தடை எழுகிறது. ‘நான் ஒரு சிக்கலைப் படிப்படியாக அணுகுவேன்’ என்னும் கூற்றுக்கு ஐந்து நிலைகளில் ஒன்றைக் குறியிடும் மாணவர், தாம் எவ்வாறு சிந்திக்கிறோம் என்பதைச் சொல்கிறாரா, எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதைச் சொல்கிறாரா? படிப்படியாக எழுதுவதற்கே மதிப்பெண் என்று பத்தாண்டுகள் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் இக்கூற்றை வைத்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு மிகுதி.

3. புள்ளியியல் தரும் உறுதியின் அளவு

ஆய்வேடுகளில் ‘0.05 நிலையில் குறிப்பிடத்தக்கது’ என்னும் தொடர் ஒரு தீர்ப்பைப் போல் அமைகிறது. 1000 மாணவர்களைக் கொண்ட மாதிரியில் ஒட்டுறவுக் கெழு 0.062 ஐ எட்டினாலே அது அந்நிலையில் குறிப்பிடத்தக்கதாகிவிடும். அதன் வர்க்கம் ஏறத்தாழ 0.004. ஒரு கூறில் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவாகவே மற்றொரு கூறோடு இணைந்து மாறுகிறது என்பது இதன் பொருள். கெழு 0.30 ஆயினும் பங்கு 9 விழுக்காடே. எஞ்சிய 91 விழுக்காடு விளக்கமின்றி நிற்கிறது. மாதிரி பெருகப் பெருக மிகச் சிறிய உறவும் குறிப்பிடத்தக்கதாகும். எனவே குறிப்பிடத்தக்கமை மட்டும் கூறி, உறவின் அளவைக் கூறாமல் விடுவது வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பாலினம், வாழிடம், பள்ளி வகை, பயிற்றுமொழி, பெற்றோர் கல்வி எனப் பிரித்து இருபது இன்மைக் கருதுகோள்களைச் சோதிக்கும் ஆய்வில் மற்றோர் இடர் உண்டு. உண்மையில் எவ்வேறுபாடும் இல்லாத நிலையிலும், ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளில் ஒன்றேனும் தற்செயலாகக் ‘குறிப்பிடத்தக்கது’ எனத் தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய 64 விழுக்காடு. அவ்வாறு தோன்றிய ஒன்று, ‘கிராமப்புற மாணவியர் படைப்பாக்கத்தில் பின்தங்கியுள்ளனர்’ என்னும் முடிவாக எழுதப்பட்டு, ஆசிரியர் பயிற்சிக்கான பரிந்துரையாகவும் மாறுமாயின், அதன் விளைவை ஏற்பவர் ஆய்வாளர் அல்லர். வகுப்பறையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியே.

4. ஒரு கோலம், நான்கு வழிகள்

செய்முறையை நோக்கினால் கிடைப்பது என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மார்கழியில் விழுப்புரம் வட்டார வாசல்களில் காணத்தக்க ஊடுபுள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்வோம். நடு வரிசையில் 7 புள்ளி. மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4 புள்ளியில் முடிகிறது. மொத்தம் எத்தனை புள்ளிகள்? விடையை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் காண்க என்று மாணவரிடம் கேட்கலாம்.

முதல் வழி வரிசை வரிசையாகக் கூட்டுவது: 4, 5, 6, 7, 6, 5, 4, கூடுதல் 37. இரண்டாவது, நடுப்புள்ளியிலிருந்து வெளியே வளர்வது: நடுவில் 1, அதனைச் சுற்றி 6, அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18, மீண்டும் 37. மூன்றாவது, நடுப்புள்ளியை விலக்கிவிட்டு எஞ்சியவற்றை வரிசைக்கு நான்காக மூன்று வரிசை கொண்ட மூன்று இணைகரங்களாகப் பிரிப்பது: 12ஐ மூன்றால் பெருக்கி 1 கூட்டினால் 37. நான்காவது, இல்லாத புள்ளிகளை இருப்பதாகக் கொண்டு ஏழுக்கு ஏழு என்னும் முழுச் சாய்சதுரமாக்கி, எதிரெதிர் மூலைகளில் மிகும் ஆறு ஆறு புள்ளிகளைக் கழிப்பது: 49இலிருந்து 12 போக 37.

நான்கிலும் விடை ஒன்றே. மதிப்பெண் பட்டியலில் நால்வரும் சமம். ஆனால் முதல் மாணவர் கொடுக்கப்பட்ட அமைப்பை அப்படியே ஏற்றார். இரண்டாமவர் கோலம் வளரும் முறையைக் கண்டார். மூன்றாமவர் உருவத்தைச் சமப் பகுதிகளாக உடைத்தார். நான்காமவர் இல்லாத ஒன்றைச் சேர்த்துப் பின் நீக்கினார். டாரன்சின் அளவைகளான சரளமும் நெகிழ்வும் தற்புதுமையும் இங்கே கணிதத்துக்குள்ளேயே காணக் கிடைக்கின்றன. வழிகளின் எண்ணிக்கை சரளம். வழிகளின் வகை நெகிழ்வு. அவ்வகுப்பில் அவ்வழியின் அருமை தற்புதுமை. அடுத்து ‘15 புள்ளி, 8 வரை’ என்று கேட்டால், தம் வழியை எவர் பொதுமைப்படுத்தவல்லார் என்பதும் புலப்படும். விடை 169. வரிசைகளைக் கூட்டுபவரும் விடை காண்பார். இணைகரமாகப் பிரித்தவரோ 8, 7, 3 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்று கூட்டி, ஒரே அடியில் முடிப்பார்.

சோவியத் உளவியலாளர் வி. ஏ. குருதெத்ஸ்கி கணிதத் திறன் பற்றிய தம் ஆய்வில் (உருசிய மொழியில் 1968, ஆங்கிலத்தில் 1976) பின்பற்றிய நெறி இதற்கு அண்மையானது. மாணவர் உரக்கச் சிந்தித்தவாறே சிக்கல்களைத் தீர்க்க, அச்செய்முறையிலிருந்தே பகுப்பு வகை, வடிவியல் வகை, இரண்டும் இசைந்த வகை என்னும் பாணிகளை அவர் கண்டார். அவரிடம் பாணி தீர்வின் உள்ளிருந்து எடுக்கப்பட்டது. நம் ஆய்வேடுகளில் அது வெளியிலிருந்து கொண்டுவந்து தீர்வின்மேல் வைக்கப்படுகிறது.

5. பாணியும் பழக்கமும் ஊரும்

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. நாள்தோறும் கோலமிடும் மாணவி சுற்று வழியை எளிதில் கண்டால், அது அவருடைய அறிதல் பாணியா, கைப்பழக்கமா? இவ்வினாவுக்கு ஒரே கணக்கைக் கொண்டு விடை கூற இயலாது. அதே மாணவிக்கு வேறொரு களத்துக் கணக்கைத் தந்து நோக்க வேண்டும்.

வட தமிழக வழக்கில் ஒரு காணி 100 குழி. ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. எனவே காணி 57,600 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி. ஓர் ஏக்கருக்கு எத்தனை குழி என்று கேட்டால், 43,560ஐ 576ஆல் வகுத்து 75.625 என்பவர் ஒருவர். காணி என்பது ஏக்கரைப்போல் ஏறக்குறைய ஒன்றே மூன்றிலொரு பங்கு. ஆகவே ஏக்கர் முக்கால் காணி. எனவே 75 குழி என்று மனக்கணக்காகச் சொல்பவர் மற்றொருவர். பத்திரம் எழுதுவதற்கு முதல் விடை வேண்டும். வரப்பில் நின்று விலை பேசுவதற்கு இரண்டாவது விடை போதும். கோலத்தில் முழுமையைக் கண்ட மாணவி, நிலத்தில் படிப்படியாக வகுத்துச் செல்லலாம். அப்படியாயின் ‘முழுமை நோக்குப் பாணியினர்’ என்று அவர்மேல் முத்திரையிடுவது பொருந்தாது. பல கணக்குகளிலும் ஒரே போக்குத் தொடர்ந்தால்தான் அதனைப் பாணி எனலாம்.

இவ்வட்டாரத்துக் கணக்கு வாழ்வில் இத்தகைய களங்கள் பல உள்ளன. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்றொரு விதி உண்டு. பலாவுக்குப் பெயர்பெற்ற பண்ருட்டி விழுப்புரத்துக்கு அண்மையில்தான் உள்ளது. அவ்விதி உண்மையா, எத்தனை பழங்களில் சோதித்தால் ஏற்கலாம் என்று கேட்பது பயிற்சியாகாது. அது மெய்யான சிக்கல். களத்தின் பெயர் ஆய்வேட்டின் தலைப்பில் இடம்பெறுவதற்கு அப்போதுதான் காரணம் உண்டாகிறது. ஊர் மாதிரியின் முகவரியாக நில்லாமல், கணக்கின் பொருளாக உள்ளே வருகிறது.

6. திருக்கோவிலூரில் வாசிக்கப்பட்ட குறிப்பேடு

மதிப்பெண்ணை நோக்குவதற்கும் செய்முறையை நோக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க, இதே நிலப்பரப்பில் நிகழ்ந்த ஒரு வரலாற்றுச் சான்று உள்ளது. சீனிவாச இராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, பிற பாடங்களில் தேறாமையால் அதனை இழந்தவர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் 1907இல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வியுற்றவர். சான்றிதழ்களை மட்டும் நோக்கினால் அவர் தேறாத மாணவர். 1910 அளவில் அவர் வேலை வேண்டித் தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்குச் சென்றார். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் அப்போது துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர். இராமானுஜன் காட்டிய குறிப்பேட்டை அவர் வாசித்தார். அதிலிருந்த முடிவுகளைக் கண்டு வியந்து, வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் அமர்த்தி அவ்வாற்றலை முடக்க விரும்பாமல், சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார்.

தேர்வு முறை காணாததை ஒரு வாசகர் கண்டார் என்பதே இங்கு நமக்குரிய செய்தி. இராமசாமி ஐயர் எவ்வகைச் சோதனையும் வைக்கவில்லை. எழுதப்பட்ட கணிதத்தைக் கணிதம் அறிந்தவராக இருந்து படித்தார்.

வழி பற்றிய மற்றொரு நிகழ்வு கேம்பிரிட்சில் நடந்தது. ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் 1914 டிசம்பரில் வந்த புதிர் ஒன்றைப் பி. சி. மகலனோபிசு இராமானுஜனிடம் கூறினார். ஒரு தெருவின் வீடுகள் 1, 2, 3 எனத் தொடர்ந்து எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூடுதல் வலப்புறமுள்ளவற்றின் கூடுதலுக்குச் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அவ்வீட்டின் எண் என்ன? மகலனோபிசு சில நிமிடங்கள் முயன்று பார்த்து விடை கண்டார்: 288 வீடுகள், வீட்டெண் 204. இருபுறமும் கூடுதல் 20,706. இராமானுஜனோ சமையல் செய்துகொண்டே, எல்லா விடைகளையும் அடுத்தடுத்துத் தரும் ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். எட்டு வீடுகளில் ஆறாவது என்னும் சிறு விடையும் அதில் அடங்கும். புதிரைக் கேட்டவுடனே விடை ஒரு தொடர்பின்னமாக அமையும் என்று தோன்றியது என்பதே அவர் தந்த விளக்கம்.

இருவர் விடையும் சரியே. ஒரு மதிப்பெண் வினாவாயின் இருவரும் ஒரு மதிப்பெண் பெறுவர். ஒருவர் கேட்கப்பட்டதைத் தீர்த்தார். மற்றவர் அவ்வகை வினா முழுவதையும் தீர்த்தார். மகலனோபிசும் பின்னர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய பேரறிஞர் என்பதனால், இங்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது நோக்கமன்று. பாணி வேறுபாடு என்றால் என்ன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று அரிது. அதுவும் செய்முறை பதிவானதால் மட்டுமே நமக்குக் கிடைத்தது. விழுப்புரத்து மாணவர் ஒவ்வொருவரும் இராமானுஜன் ஆவார் என்று இதனால் நிறுவ வேண்டுவதில்லை. வாசிக்கப்படாத குறிப்பேட்டில் என்ன இருக்கிறது என்பதை எவராலும் அறிய முடியாது என்பதே போதுமானது.

7. பழகிய வழியின் பிடி

செய்முறையை நோக்கும் ஆய்வு படைப்பாக்கத்தின் தடையையும் காட்டவல்லது. ஆபிரகாம் லூச்சின்சு 1942இல் வெளியிட்ட குடுவைச் சோதனை இதற்குச் சான்று. 21, 127, 3 அளவுள்ள மூன்று குடுவைகளைக் கொண்டு 100 அளவு நீரைப் பெற வேண்டும். 127இலிருந்து 21ஐ ஒருமுறையும் 3ஐ இருமுறையும் நீக்கினால் 100. இதே வழியில் தீரும் கணக்குகள் சில தரப்பட்டபின், 23, 49, 3 அளவுள்ள குடுவைகளால் 20 பெறுமாறு கேட்கப்படும். பழகிய வழியிலும் 20 கிடைக்கும். 23இலிருந்து 3ஐ நீக்கினாலும் 20தான். முன்கணக்குகளைச் செய்து பழகியவர்களுள் பெரும்பாலோர் குறுக்கு வழியைக் காணவில்லை. பழகாதவர்கள் எளிதில் கண்டனர்.

நெடுவழியில் சென்ற அவர்களைப் படைப்பாக்கம் குறைந்தவர் என்பதா, பயிற்சியால் ஒரு தடத்தில் செலுத்தப்பட்டவர் என்பதா? மாதிரி வினாத்தாள்களையும் வழிகாட்டி நூல்களையும் திரும்பத் திரும்பச் செய்வித்துப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் வகுப்பறைக்கு இவ்வினா நேரடியாக உரியது. அவ்வகுப்பறையில் எடுத்த அளவீடு மாணவரின் இயல்பை அளந்ததா, பயிற்றுமுறையின் விளைவை அளந்ததா என்று பிரித்தறியாமல், குறையை மாணவர்மேல் ஏற்றுவது நேர்மையன்று. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005ஐ ஒட்டி, ஆர். இராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதை முதன்மை நோக்காக வைத்தது. அந்நோக்கு நிறைவேறியதா என்பதை மொத்த மதிப்பெண் காட்டாது.

8. ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைப் பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, தரவு. பல வழிகளில் தீர்க்கத்தக்க ஆறு அல்லது எட்டுக் கணக்குகள் போதும். அவற்றுள் பாதியேனும் களத்து வாழ்விலிருந்து எடுக்கப்படுதல் நன்று. விடைத்தாளின் ஓரத்தில் போடும் ரஃப் கணக்கையும் அடித்துவிட்ட வரிகளையும் அழியாமல் பெறுதல் வேண்டும். கைவிடப்பட்ட வழியும் சிந்தனையின் சான்றே.

இரண்டாவது, வாசிப்பு. ஒவ்வொரு தீர்வையும் இருவர் தனித்தனியே வகைப்படுத்தி, இருவர்க்கிடையேயான உடன்பாட்டு அளவை வெளியிட வேண்டும். செய்முறை வாசிப்பு அகவயமானது என்னும் மறுப்புக்கு இதுவே விடை. ஐந்துநிலை அளவுகோலில் மாணவர் இடும் குறியும் அகவயமானதே. அங்கு அகவயம் எண்ணுக்குள் மறைந்திருக்கிறது.

மூன்றாவது, அளவு. 1000 மாணவரிடம் இதனைச் செய்ய இயலாது என்பது உண்மை. விழுப்புரத்தில் இரண்டு பள்ளி, திண்டிவனத்தில் இரண்டு பள்ளி என 120 மாணவரை எடுத்து, அவர்களுள் இருபதின்மரிடம் உரக்கச் சிந்திக்கும் முறையில் நேர்காணல் நிகழ்த்தலாம். பட்ட ஆய்வின் காலவரம்புக்குள் இது முடியத்தக்கது. அளவுகோல்களை முற்றிலும் விலக்க வேண்டுவதில்லை. அவற்றின் மதிப்பெண்ணையும் செய்முறையில் கண்ட பாணியையும் ஒப்பிட்டு, அளவுகோல் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று காட்டினால் அதுவே ஒரு புதிய பங்களிப்பாகும்.

நான்காவது, முடிவுரைக்கும் மொழி. ‘புலச்சார்புடைய மாணவர்’ என்பதற்கு மாறாக, ‘இவ்வகைக் கணக்கில் இவ்வாறு தொடங்கிய மாணவர்’ என்று எழுதுவது நீளமாயினும் துல்லியமானது. முத்திரை ஆய்வேட்டோடு நிற்பதில்லை. ஆசிரியர் அறைக்கும் சென்று சேர்கிறது.

முடிவுரை

கணிதத் தீர்வு, படைப்பாக்கச் சிந்தனை, அறிதல் பாணி ஆகிய மூன்றும் மாணவரின் ஒரே செயலில் ஒருங்கே நிகழ்வன. அவற்றை மூன்று தாள்களில் பிரித்து அளந்து, பின் ஒட்டுறவால் இணைக்க முயலும் ஆய்வுமுறை, இணைந்திருந்த இடத்தையே விட்டுவிடுகிறது. பொதுப் படைப்பாக்கச் சோதனை கணிதப் படைப்பாக்கத்தை உறுதிசெய்வதில்லை. உருவம் காணும் சோதனை பாணிக்கு மாறாகத் திறனை அளக்கிறது. பெரிய மாதிரியின் குறிப்பிடத்தக்கமை சிறிய உறவையும் பெரிதாகக் காட்டுகிறது. இவற்றுக்கு மாற்றாக, ஒரே கணக்குக்கு மாணவர் காணும் பல வழிகளைத் தரவாகக் கொள்ளும்போது, மூன்று கூறுகளும் ஒரே விடைத்தாளில் காணக் கிடைக்கின்றன. ஆய்வு நடந்த ஊரும் பொருள் பெறுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பள்ளிகளில் ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும் கட்டுக்கட்டாக விடைத்தாள்கள் திருத்தப்பட்டு, மதிப்பெண் மட்டும் பதிவேட்டில் ஏறுகிறது. அத்தாள்களை மாணவர் பெயரை நீக்கி, உரிய இசைவுடன் பெற்று வாசிப்பதிலிருந்து அடுத்த ஆய்வாளர் தம் பணியைத் தொடங்கலாம்.